ஆண்கள் தைத்தால் என்ன?

சட்டைப் பட்டன் அறுந்துவிட்டது. வீட்டில் யார் தைப்பார்கள்? அம்மா தைப்பார். இல்லையென்றால் மனைவி தைப்பார். தெருமுனைத் தையல் கடையில் தைப்பவர் யார்? பெரும்பாலும் ஓர் ஆண். கூலிக்குத் தைத்தால் அது ஆண் வேலை. அதே ஆண் வீட்டில் ஆசைக்குத் தைத்தால் கேலி. இது என்ன கணக்கு?

சென்னையிலிருந்து ஹவுரா மெயில் என்று ஒரு ரயில் போகிறது. அது போய்ச் சேரும் ஊர் ஹவுரா. ஹூக்ளி ஆற்றின் ஒரு கரையில் கொல்கத்தா. மறு கரையில் ஹவுரா. அங்கே 'மங்களா ஹாட்' என்ற பெரிய துணிச் சந்தை இருக்கிறது. ஹாட் என்றால் வங்காள மொழியில் சந்தை. செவ்வாய்க்கிழமையை அவர்கள் 'மங்கள்பார்' என்பார்கள். அதனால்தான் இந்தப் பெயர். 2023 ஜூலையில் அங்கே பெரிய தீ பிடித்தது. ஏராளமான கடைகள் எரிந்தன.

பக்கத்து டோம்ஜூரிலிருந்தும், அக்கரை மெட்டியாபுரூஸிலிருந்தும் உடுப்புகள் மூட்டை மூட்டையாக இந்தச் சந்தைக்கு வரும். அவற்றைத் தைப்பவர்களில் ஆண்களே அதிகம். சின்னக் குழந்தையின் கவுனையும் ஆண்கள்தான் தைக்கிறார்கள். அதற்கு லேஸும் வைக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை!

தையல் மிஷின் வந்த கதை தெரியுமா? 1830இல் திமோனியே என்ற பிரெஞ்சுத் தையல்காரர் ஒரு மிஷின் செய்தார். பிழைப்பு போய்விடும் என்று மற்றத் தையல்காரர்கள் பயந்தார்கள். அவருடைய மிஷின்களை உடைத்துப் போட்டார்கள். பிறகு அமெரிக்காவில் 1846இல் ஹோவும், 1851இல் சிங்கரும் மிஷினுக்கு உரிமை பெற்றார்கள்.

காந்தியடிகள் பெரிய இயந்திரங்களை அவ்வளவாக விரும்பாதவர். 1924இல் ராமச்சந்திரன் என்ற மாணவர் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டார். தையல் மிஷின் நல்லதுதான் என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். உண்மையில் சிங்கர் நல்ல வியாபாரி. ராமச்சந்திரன் பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

1930களில் கொல்கத்தாவிலேயே உஷா மிஷின் செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் பெரிய கடை வளாகம் நிற்கிறது. ஆனால் பழைய உஷா மிஷின்கள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன.

பல நாடுகளில் ஆண்கள் பழைய மிஷினைத் தேடி வாங்குகிறார்கள். சரிசெய்து, அதிலேயே தைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பழைய சிங்கர் மிஷினில் ஓர் எண் பொறித்திருக்கும். அது எந்த ஆண்டில் செய்த மிஷின் என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சைக்கிளைக் கழற்றி மாட்டுகிறவருக்கு இந்த ஆசை புரியும்.

மிஷின் எப்படித் தைக்கிறது? மேல் நூல் ஊசியோடு கீழே இறங்கும். கீழே பாபினில் இன்னொரு நூல் இருக்கும். இரண்டும் துணிக்குள் கோத்துக்கொள்ளும். அதுதான் தையல்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மிஷின் கிடக்கிறதா? பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தூசியைத் துடையுங்கள். பாபின் பக்கம் சிக்கிய நூலை எடுங்கள். இறுகிய இடங்களில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். விளக்கை அருகில் கொண்டு போகாதீர்கள். மறுநாள் நன்றாகத் துடைத்து, மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முரட்டுத்தனமாகத் திருப்பக் கூடாது. சுலபமாகச் சுற்றினால் புது ஊசி போட்டு, முதலில் ஒரு பழைய துணியில் தைத்துப் பாருங்கள்.