தபாலில் வரும் வாக்கு: தொழிற்சங்கத் தேர்தல்கள் தரும் பாடம்

ஜனநாயக முறையில் நடைபெறும் எந்த ஸ்தாபனத்திலும் அதிகாரத்தின் ஊற்றுக்கண் அங்கத்தினரே ஆவர். கூட்டுறவுச் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இது பொதுவிதி. ஓர் ஊரில் வாழும் அங்கத்தினர் ஓரிடத்தில் கூடித் தம் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். நாடெங்கும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் பிரிந்து வேலை செய்யும் லட்சக்கணக்கான தொழிலாளர் அங்ஙனம் கூடுதல் இயலாது. இத்தேவையிலிருந்து பிறந்ததே தபால் வாக்கு முறை. இம்முறை நேர்மையாக நடைபெற எவை வேண்டும் என்பதைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு தேர்தல்களைக் கொண்டு ஆராய்வோம்.

1. முறையின் அமைப்பு

வாக்குச் சீட்டு அங்கத்தினரின் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் செல்கிறது. அவர் அதில் குறியிட்டுத் திருப்பி அனுப்புகிறார். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அனுப்பியவர் உண்மையான அங்கத்தினரா என்று அறிய அவர் பெயர் தெரிய வேண்டும். யாருக்கு வாக்களித்தார் என்பதோ தெரியலாகாது. இதற்கு அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் கையாளும் வழி இரட்டை உறையாகும். குறியிட்ட சீட்டை அடையாளமற்ற உள்ளுறையில் இட்டு, அதனைப் பெயர் தாங்கிய வெளியுறையில் வைத்து அனுப்புவர். வெளியுறையின் பெயரை அங்கத்தினர் பதிவேட்டுடன் ஒப்பிட்ட பின், உள்ளுறைகளைத் தனியே எடுத்துக் கலந்துவிடுவர். அதன் பிறகே அவை திறக்கப்படும். எந்தச் சீட்டு எவருடையது என்பதை அப்பால் எவரும் அறிய முடியாது.

2. மின் தொழிலாளர் சங்க வழக்கு

அமைப்பு நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? பிரிட்டனின் மின் தொழிலாளர் சங்கத்தில் 1959-இல் நடந்த பொதுக் காரியதரிசித் தேர்தல் இதற்கு விடை தருகிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்ட பெரிய சங்கம் அது. அப்போது பதவியிலிருந்தவர், கம்யூனிஸ்டுக் கட்சியைச் சார்ந்த ஃபிராங்க் ஹாக்ஸெல். எதிர்த்து நின்றவர் ஜான் பைர்ன். சீட்டுகள் கிளைகளின் மூலம் அங்கத்தினரை அடைந்தன. கிளைகளே வாக்குகளை எண்ணி, முடிவைத் தபால் மூலம் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பின. கெடு கடந்து அனுப்பிய கிளையின் வாக்குகள் தள்ளப்படும் என்பது விதி.

சுமார் ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஹாக்ஸெல் வென்றதாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட கிளைகளின் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. பைர்னும் ஃபிராங்க் சாப்பிள் என்ற மற்றோர் அங்கத்தினரும் நீதிமன்றம் சென்றனர். 1961-இல் தீர்ப்பளித்த நீதிபதி வின், தலைமையிலிருந்த சிலர் கூடி மோசடியால் முடிவை மாற்றினர் என்று கண்டார். கெடுவுக்குள் கிளைகள் அனுப்பிய உறைகள் அகற்றப்பட்டு, தாமதமான தபால் முத்திரை விழுந்த வேறு உறைகள் அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டிருந்தன! பைர்னே முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. அவ்வாண்டே பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் மின் தொழிலாளர் சங்கத்தை விலக்கியது. தலைமை மாறிய பின்னரே சேர்த்துக் கொண்டது.

இங்கே குற்றம் தபாலுடையதன்று. சீட்டை அச்சிட்டவரும், உறையைப் பெற்றவரும், முடிவைக் கூறியவரும் ஒரே காரியாலயத்தினராக இருந்ததே குறை. தேர்தலில் வெற்றி தோல்விக்கு உரியவர் கையிலேயே தேர்தலின் திறவுகோலும் இருந்தது.

3. சட்டம் செய்த மாற்றம்

மின் தொழிலாளர் சங்கம் பின்னர்ச் சீட்டுகளை நேரே வீட்டு விலாசத்துக்கு அனுப்பித் தேர்தலை நடத்தும் பொறுப்பைச் சங்கத்துக்கு வெளியிலுள்ள தேர்தல் சீர்திருத்தச் சங்கத்திடம் ஒப்படைத்தது. பிரிட்டனில் 1984-இன் சட்டம், தொழிற்சங்க நிர்வாகக் குழுவை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் இரகசிய வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டுமெனப் பணித்தது. 1988-இன் சட்டம் அவ்வாக்கு முழுதும் தபால் மூலமே நடைபெற வேண்டும், சுயேச்சையான பரிசோதகர் ஒருவர் அதனை மேற்பார்வை செய்ய வேண்டும் என்று விதித்தது. எத்தனை சீட்டு அனுப்பப்பட்டது, எத்தனை திரும்பியது, எத்தனை செல்லாதவை என்பதை அவர் அறிக்கையில் காட்டியாக வேண்டும்.

இக்கணக்கின் பயன் நெசவாளருக்குச் சொல்லாமலே விளங்கும். சங்கம் கொடுத்த நூலுக்கும் திரும்பி வந்த துணிக்கும் மீதி நூலுக்கும் எடை பார்த்து ஒத்துக்கொள்கிறோம் அல்லவா? கணக்கில் குறையும் நூல் எங்கோ போயிருக்கிறது. கணக்கில் வராத சீட்டும் அத்தகையதே.

அமெரிக்காவில் 1959-இன் சட்டம் வேறு சில காப்புகளை வைத்தது. தேர்தலுக்குப் பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் ஒவ்வோர் அங்கத்தினரின் வீட்டுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வாக்கு எண்ணுமிடத்தில் ஒவ்வோர் அபேட்சகரும் தம் பார்வையாளரை வைத்துக்கொள்ளலாம். சீட்டுகளையும் தேர்தல் ஏடுகளையும் ஓராண்டு காலம் பாதுகாக்க வேண்டும்.

4. 483 வாக்குகள்

அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவரை நெடுங்காலம் மகாநாட்டுப் பிரதிநிதிகளே தேர்ந்தெடுத்து வந்தனர். சங்கப் பணத்தைக் கையாடிய வழக்கில் முன்னாள் தலைவர்கள் இருவர் 2020-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அரசாங்கத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2021-இல் அங்கத்தினரின் கருத்து கேட்கப்பட்டது. நேரடித் தேர்தலே வேண்டும் என்று பெரும்பான்மையோர் கூறினர். 2022-இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்குச் சீட்டுகள் தபாலில் சென்றன. ஏறத்தாழ ஒரு லட்சமே திரும்பி வந்தன. எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமையால் 2023-இல் மறு சுற்று நடந்தது. அதில் பதவியிலிருந்த ரே கரியை ஷான் ஃபெயின் 483 வாக்குகளால் வென்றார்.

பத்து லட்சம் பேருக்கு உரிய தலைமையை 483 சீட்டுகள் தீர்மானித்தன. மேசை மேல் வாளாக் கிடந்த உறைகளோ பல லட்சம். நேர்மையான முறையை அமைத்துத் தருவது சட்டத்தின் வேலை. உறையை ஒட்டித் தபாலில் சேர்ப்பது அங்கத்தினரின் வேலை. பின்னதை எச்சட்டமும் செய்து தராது.

5. நினைவிற் கொள்ள வேண்டியவை

பதிவேட்டில் பெயரும் விலாசமும் சரியாக இல்லையேல் தபால் வாக்கு தொடக்கத்திலேயே பழுதாகும். வீடு மாறியவர் அதனை உடனே தெரிவிப்பது அவர் கடமை. அபேட்சகர் எவரும் சீட்டின் காவலராக இருத்தல் கூடாது. கணக்கு எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்க வேண்டும். வீட்டில் குறியிடும் சீட்டைப் பிறர் பார்க்கவும் வற்புறுத்தவும் இடமுண்டு. ஆதலால் தம் சீட்டைத் தாமே தனியே நிரப்பித் தாமே அனுப்புதல் வேண்டும்.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. இரட்டை உறையில் எந்த உறை அங்கத்தினரை அடையாளங்காட்டுகிறது? எது இரகசியத்தைக் காக்கிறது?

2. மின் தொழிலாளர் சங்கத்தில் வெளியாரான பரிசோதகர் ஒருவர் முன்பே இருந்திருப்பின் எந்த மோசடி இயலாது போயிருக்கும்?

3. நம் சங்கத்து அங்கத்தினர் பதிவேட்டில் உங்கள் பெயரும் விலாசமும் சரியாக உள்ளனவா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?