தொழிலகமும் கேள்விச் செல்வமும்

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 40ஆம் அதிகாரமாகிய கல்வி, நூல்களைக் கற்றலின் சிறப்பை உரைக்கின்றது. 42ஆம் அதிகாரமாகிய கேள்வி, அறிந்தோர் வாய்ச்சொல்லைக் கேட்டு அறிவு பெறுதலின் சிறப்பை உரைக்கின்றது. நூல் கல்லாதவரும் கேள்வியால் பயன்பெறலாம் என்பது வள்ளுவர் கருத்து. அன்று கேட்டறிதலைக் குறித்த இச்சொல், இன்றைய வழக்கில் வினாவையே பெரிதும் குறிக்கின்றது. ஒருவர் வினவவும் மற்றவர் செவிகொடுக்கவும் அறிவு வளரும் என்னும் உண்மை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

இச்சொல்லையே அளவுகோலாகக் கொண்டு, இக்காலத் தொழில் நிறுவனங்கள் தம் பணியாளர்க்குக் கற்பிக்கும் முறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பட்டம் பெற்றவுடன் கற்றல் முடிந்துவிட்டதாக மாணவர் பலர் எண்ணுகின்றனர். பயிற்சி வகுப்பு நடத்தியவுடன் கற்பித்தல் முடிந்துவிட்டதாக நிறுவனங்கள் பல எண்ணுகின்றன. இரண்டும் பிழையான எண்ணங்களே. பணியிடத்தில் கற்றல் வேரூன்ற வேண்டுமாயின், அச்சமின்றி வினவும் உரிமையும் பொறுமையாகச் செவிகொடுக்கும் மேலோரும் வேண்டும் என்பதே நாம் ஈண்டு நிறுவ விழையும் கருத்து.

நிறுவனங்களுக்குள் பள்ளிகள்

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பெருநிறுவனங்கள் தமக்கெனப் பள்ளிகளை நிறுவிக்கொள்ளும் வழக்கம் பரவலாயிற்று. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1956இல் குரோட்டன்வில் என்னுமிடத்தில் தன் மேலாளர்களுக்கான பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1961இல் இல்லினாய் மாநிலத்தில் தன் உணவகம் ஒன்றின் நிலவறையில் தொடங்கிய பள்ளிக்குப் பல்கலைக்கழகம் என்றே பெயர் சூட்டியது. மோட்டரோலா நிறுவனத்தின் பயிற்சி நிலையம் 1981இல் தோன்றியது. நம் நாட்டிலும் இன்ஃபோசிஸ் நிறுவனம் மைசூரில் பெரும் பயிற்சி வளாகம் அமைத்துள்ளது. கல்லூரியை விட்டுச் செல்லும் இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அங்கே மீண்டும் மாணவராகின்றனர்.

அடுத்து வந்தது கணிப்பொறிவழிக் கற்றல். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2012ஆம் ஆண்டை ஒட்டிக் கோர்சேரா, எட்எக்ஸ் போன்ற இணையப் பாட அமைப்புகள் தோன்றின. 2017இல் நடுவணரசின் சுவயம் தளம் வந்தது. 2020இல் பரவிய கொரோனாத் தொற்று, பயிற்சி அறைகளை மூடித் திரைகளைத் திறந்தது. ஐந்து நிமிடங்களில் முடியும் குறும்பாடங்கள் கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், எந்த வினாவுக்கும் நொடியில் விடை தரும் பொறியும் பணியாளரின் கையருகே வந்துவிட்டது.

இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. சிற்றூரில் இருப்பவர்க்கும் பெருநகர் வகுப்பு கிட்டுகின்றது. ஆயினும், பாடம் பெருகியதனாலேயே கற்றல் பெருகியதாகக் கொள்ளலாமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

மறதியும் மதிப்பீடும்

ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் நினைவாற்றலைத் தாமே அளந்து, அதன் முடிவுகளை 1885இல் வெளியிட்டார். கற்றவற்றுள் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் நாள்களிலுமே மறந்துபோகின்றது, பின்னர் மறதியின் வேகம் குறைகின்றது என்பது அவர் கண்ட உண்மை. இடைவெளி விட்டுத் திரும்பப் பயில்வது நினைவில் நிலைக்கும் என்பதும் அவர் காட்டியதே. ஓராண்டுக்குரிய பயிற்சியை இரண்டு நாள்களில் திணிப்பதன் பயனின்மை இதனால் விளங்கும்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பார் பயிற்சியின் பயனை அளப்பதற்கு நான்கு படிகளை 1959இல் வகுத்துரைத்தார். பயிற்சி பெற்றோர் அதனை விரும்பினரா என்பது முதற்படி. கற்றனரா என்பது இரண்டாம் படி. பணிக்குத் திரும்பியபின் அவர்தம் செயலில் மாற்றம் நேர்ந்ததா என்பது மூன்றாம் படி. அதனால் நிறுவனம் பயன்பெற்றதா என்பது நான்காம் படி. இன்று நாம் காணும் பயிற்சிகள் பல முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. இறுதி நாளில் கருத்துப் படிவத்தை நிரப்பி, சான்றிதழ் பெற்று, தேநீர் அருந்திக் கலைவதோடு கற்றல் நிறைவெய்தியதாகக் கருதப்படுகின்றது. மறுநாள் பணியிடத்தில் நிகழ்வதைப் பார்க்கும் கண் இல்லை.

போர்க்காலம் கற்பித்த பாடம்

பணியிடத்தையே பள்ளியாக்கிய முயற்சிக்குச் சிறந்த சான்று, 1940இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழிலகப் பயிற்சித் திட்டமாகும். பயின்ற தொழிலாளர் பலர் போர்முனைக்குச் செல்ல, தொழிலறியாத ஆடவரும் பெண்டிரும் ஆலைகளுக்குள் வந்தனர். அவர்களுக்குக் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லை. எனவே ஒவ்வோர் ஆலையின் மேற்பார்வையாளரையும் ஆசிரியராக்க முடிவு செய்தனர். இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள், மொத்தம் 10 மணி நேரமே பயிற்சி. 1945இல் திட்டம் முடிவதற்குள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் பயின்றனர்.

கற்பிக்கும் முறை நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. முதற்கண் கற்பவரின் அச்சத்தைப் போக்கி, அவர் முன்னரே அறிந்தது யாது என அறிதல். இரண்டாவதாக, வேலையைச் செய்துகாட்டி விளக்குதல். மூன்றாவதாக, கற்பவரையே செய்யச் சொல்லி, செய்வதன் காரணத்தையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்தல். நான்காவதாக, அவரைத் தனியே விட்டு, ஐயம் எழின் யாரிடம் வினவ வேண்டும் என்பதைச் சொல்லிவைத்து, அடிக்கடி சென்று பார்த்தல். முதல் அமர்விலேயே மின்கம்பியில் இடும் முடிச்சு ஒன்றைக் கொண்டு இம்முறை விளக்கப்பட்டது. வாயால் சொல்லக் கேட்டவரால் முடிச்சிட இயலவில்லை. செய்யக் கண்டவராலும் இயலவில்லை. நான்கு படிகளையும் கடந்தவர் முடிச்சிட்டார். கற்பவர் கல்லாதிருப்பின் கற்பித்தவரே பொறுப்பு என்பது இத்திட்டத்தின் அடிப்படை.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கருதுவோம். அலுவலகத்திற்கு வரும் கடிதத்தைப் பதிவேட்டில் பதிவது சிறு வேலைதான். உறையைப் பிரித்தல், தேதி முத்திரை இடுதல், பதிதல், உரிய பிரிவுக்கு அனுப்புதல் என்பன அதன் படிகள். இணைப்புகளை எண்ணிக் குறித்துக்கொள்வது அதன் நுட்பம். பின்னாளில் இணைப்பு வரவில்லை என்று வழக்கெழுந்தால் அக்குறிப்பே சான்றாகும் என்பது அந்நுட்பத்தின் காரணம். படியை மட்டும் சொல்லித்தருவோர் பலர். நுட்பத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்பவரே ஆசிரியராகின்றார்.

நின்றுவிடும் தறி

போருக்குப்பின் இம்முறை ஜப்பானுக்குச் சென்றது. அங்கே அதனை ஏற்பதற்கு மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. சகிச்சி டொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பிழையோடு நெய்துகொண்டே போவதினும் நின்று சரிசெய்வது மேல் என்பது அத்தறியின் தத்துவம். இதே தத்துவம் பின்னர் டொயோட்டா மோட்டார் ஆலைகளில் மனிதர்க்கும் பொருந்துவதாயிற்று. வரிசையில் நிற்கும் தொழிலாளி குறை ஒன்றைக் கண்டால் தலைக்குமேல் உள்ள கயிற்றை இழுக்கலாம் அல்லது பொத்தானை அழுத்தலாம். உடனே விளக்கு எரியும். குழுத்தலைவர் விரைந்து வருவார். குறித்த எல்லைக்குள் குறை தீர்ந்தால் வேலை தொடரும். தீராவிடின் வரிசை நிற்கும். கடைநிலைத் தொழிலாளி எழுப்பும் வினாவுக்கு ஓர் ஆலையே நின்று செவிசாய்க்கின்றது என்று இதனைக் கூறலாம்.

1962இல் ஜப்பானில் தரவட்டங்கள் தோன்றின. ஒரே பணியிடத்தைச் சேர்ந்த சிலர் கூடி, தம் வேலையில் உள்ள குறைகளைத் தாமே ஆராய்ந்து தீர்க்கும் குழுக்கள் இவை. பேராசிரியர் கவோரு இஷிகாவா இவ்வியக்கத்திற்கு வழிகாட்டினார். 1950இல் ஜப்பானுக்குச் சென்று தரக்கட்டுப்பாடு பற்றி விரிவுரையாற்றிய அமெரிக்க அறிஞர் டெமிங், பிற்காலத்தில் தாம் வகுத்த 14 நெறிகளுள் அச்சத்தை அகற்றுதலையும் ஒன்றாக வைத்தார். அவர் பெயரால் 1951இல் நிறுவப்பட்ட விருதினை, 1998இல் சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இப்பண்பாடு தமிழ் மண்ணிலும் வேர்கொள்ளும் என்பதற்கு இது போதிய சான்று.

பழுதுபார்ப்போரின் உரையாடல்

எழுதிவைத்த பாடத்தினும் பேச்சில் வாழும் அறிவு பெரிது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்போரை உடனிருந்து ஆராய்ந்து, 1996இல் நூலாக வெளியிட்டார். நகலெடுக்கும் பொறியின் பழுதுகள் எல்லாவற்றுக்கும் கையேட்டில் விடை இல்லை. உணவு வேளையிலும் தேநீர் வேளையிலும் தாம் எதிர்கொண்ட விந்தையான பழுதுகளைக் கதைபோலச் சொல்லிக்கொள்வதன் வழியே அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தொழில் கற்றனர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வீண்பேச்சாகத் தோன்றியது, உண்மையில் அவர்தம் வகுப்பறையாக இருந்தது. பின்னர் அந்நிறுவனம் யுரேகா என்னும் கணிப்பொறித் தொகுப்பை உருவாக்கியது. பழுதுபார்ப்போர் கண்ட உத்திகள், உடன்பணிபுரிவோர் சரிபார்த்தபின், கண்டவர் பெயரோடு அதில் இடம்பெற்றன.

யாரிடமிருந்து கேட்டது என்று பெயர் சொல்லி அறிவைக் கைமாற்றும் இம்முறை நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. நபிமொழிக் கலையில் இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் வரிசையே ஒரு செய்தியின் தகுதியை உறுதிசெய்கின்றது. ஆசிரியர் முன்னிலையில் ஒரு நூலைக் கேட்டவர்களின் பெயர்களை ஏட்டிலேயே எழுதிவைக்கும் வழக்கம் அரபுக் கல்வி மரபில் இருந்தது. கேட்டவரையும் சொன்னவரையும் ஒருங்கே மதித்த மரபு அது.

அச்சமும் அறிவும்

ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. அங்கேதான் பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. நல்ல பிரிவுகளில் செவிலியர் அச்சமின்றிப் பிழையை எடுத்துரைத்தனர். மற்றவற்றில் மறைத்தனர் என்பதே அவர் கண்ட விளக்கம். 1999இல் தொழில் நிறுவனம் ஒன்றின் 51 குழுக்களை ஆராய்ந்தபோது, பேசுவதால் இழிவு நேராது என்னும் நம்பிக்கை உள்ள குழுக்களே மிகுதியாகக் கற்கின்றன என்பதையும் காட்டினார். ஆகவே, குறையே பதிவாகாத அலுவலகத்தைக் குறையற்ற அலுவலகம் எனக் கொள்வதற்கில்லை. அங்கே வாய்கள் அடைக்கப்பட்டிருக்கலாம்.

பண்பாடாக வளர வேண்டுவன

மேற்கண்ட சான்றுகளால் நாம் பெறும் முடிபுகள் சில. கற்றலுக்குப் பணிநேரத்திலேயே இடமளிக்க வேண்டும். நாள் முழுதும் உழைத்தவர் இரவில் வீட்டில் கைப்பேசியைத் திறந்து பாடம் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நிறுவனத்தின் செலவை அவருடைய உறக்கத்தின்மீது ஏற்றுவதாகும். குழந்தைகளையும் முதியோரையும் பேணும் மகளிர்க்கு இது இரட்டைச் சுமை. கற்பித்தலை உழைப்பாகவே மதிக்க வேண்டும். பத்ருப் போரில் சிறைப்பட்டவருள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறார் பதின்மர்க்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பித்தல் அன்று மீட்புப் பணத்திற்கு ஈடாக மதிக்கப்பட்டது. இன்றோ புதியவர்க்குத் தொழில் சொல்லித்தரும் மூத்த பணியாளரின் நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சியினின்று விலக்குதல் ஆகாது. அவர் கைபடும் பொருளும் அந்நிறுவனத்தின் பொருளே. ஓய்வு பெறுவோரின் அனுபவத்தை, அவர் மாலையோடு விடைபெறும் நாளுக்கு முன்னரே கேட்டு எழுதிவைக்க வேண்டும். மேலாளர் தாமும் வினவ வேண்டும். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தலைவர் ஒருவர் இருப்பின், அவர்க்குக் கீழுள்ள நூறு பேர்க்கு நாவு விடுபடும். கணிப்பொறி தரும் விடையையும் சரியா என்று பார்ப்பதற்கு, அத்தொழிலறிந்த ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

முடிவுரை

நம் கல்லூரியின் மாணவர் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாக அலுவலகப் படியேறுவோர். கேள்வி கேட்டால் அறியாதவன் என இகழ்வரோ என்னும் கூச்சம் அவர்க்கு இயல்பு. தாய்மொழியில் தெளிவாக வினவப் பழகாதவர் பிறமொழியில் வினவுதல் அரிது. எனவே வினவுவதற்கும், கேட்டதை முறையாக எழுதிவைப்பதற்கும் பயிற்சியளிப்பது தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்றாகின்றது. கற்பிக்கும் நாம், மாணவர் வினா எழுப்பும்போது முகம் சுளியாதிருத்தலே அதற்கு முதற்படி. வகுப்பில் அடங்கிய நாவு தொழிலகத்தில் திறவாது.

திருமறையில் முதன்முதலாக அருளப்பெற்ற ஆணை ஓதுதலைப் பற்றியது. அவ்வாணை கேட்ட செவிகளின் வழியாகவே உலகெங்கும் பரவியது. தொழில் நிறுவனங்களை நடத்தும் நம் சமுதாயப் பெரியோர் தம் கடைகளிலும் ஆலைகளிலும் பணிபுரியும் இளையோர்க்கு நாள்தோறும் சிறிது நேரம் செவிகொடுப்பாராயின், அவ்விடங்கள் பள்ளிகளாகவும் விளங்கும். மாணவச் செல்வங்களே! ஏறும் படி எதுவாயினும் வினவிக்கொண்டே ஏறுங்கள். நாளை உங்களை வினவ வரும் இளையவர்க்கு விடைசொல்லும் பொறுமையையும் இன்றே பயின்றுகொள்ளுங்கள். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!