5ஜி என்றால் வேகமா?

வேகம் வேணும்னு பலர் இப்போ காசு போட்டு 5ஜி போன் வாங்குறாங்க. ஆனால் 'ஜி' என்பது வேகத்தின் அளவு இல்லை. 'ஜெனரேஷன்', அதாவது தலைமுறை.

2008-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஓடும் வண்டியில்கூட நொடிக்கு 100 மெகாபிட் வேகம் இருந்தால்தான் 4ஜி என்ற அளவை வைத்தது. 2010 டிசம்பரில், அந்த அளவை எட்டாததையும் 4ஜி என்று சொல்லிக்கலாம்னு விட்டுட்டாங்க. பாஸ் மார்க்கைக் குறைச்ச மாதிரி!

இந்தியாவுக்கு 5ஜி வந்தது 2022 அக்டோபர் 1. 4ஜி போனில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாலும் 5ஜி வராது, உள்ளே இருக்கும் மோடம் சிப் வேற.

சரி, 5ஜி போனே இருக்கு. பௌர்ணமி ராத்திரி நம்ம ஊர் கிரிவலப் பாதையில் நின்னு பாருங்க. மேலே 5ஜி என்று காட்டும், வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும். ஏன்னா, ஒரு டவரின் வேகத்தை அங்கே நடக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ஒரே பைப்பில் எல்லா வீட்டுக் குழாயையும் திறந்தால் தண்ணி நூல் மாதிரி வருமே, அப்படித்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வேகத்தை மெகாபிட்டில் சொல்வாங்க, வீடியோ அளவு மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால் 40 மெகாபிட் வேகத்தில் 40 மெகாபைட் வீடியோ இறங்க 1 நொடி இல்லை, 8 நொடி ஆகும்.