மறைக்காது சுட்டும் அம்பு

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் புகைவண்டி நிலையத்திற்குக் கிழக்கில் அமைந்தது சேலையூர். முன்னாளில் ஏரியும் கழனியும் சூழ்ந்த சிற்றூராய் இருந்த அது, இந்நாளில் வீடுகள் நெருங்கி, தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாய் விளங்குகின்றது. அவ்வூரில் வாழும் கல்லூரி மாணவன் ஒருவன், தான் எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொள்ளும் பொருட்டு ஒருநாள் மாலை என்னிடம் வந்தான். கட்டுரை தாளில் இல்லை. அவன் கொணர்ந்த மடிக்கணினியின் திரையில் இருந்தது. ஓர் அம்புக்குறியை நகர்த்தி அவன் சொற்களைச் சுட்டிவர, யான் படித்துவந்தேன்.

ஓரிடத்தில் அவன் மேல்வரியில் ஒரு சொல்லைச் சுட்டி நிற்க, யான் அடுத்த வரிக்கு முந்திக்கொண்டேன். ‘பல மருத்துவர் எங்கள் பள்ளிக்கு வந்தனர்’ என்று படித்து, “தம்பி, வேப்பங்குச்சியைப் பற்றி எழுதிவரும்போது பல மருத்துவர் எங்கிருந்து வந்தனர்? முன்பின் தொடர்பு இல்லையே!” என்று கடிந்தேன். அவன் தயங்கி, “ஐயா, அது ‘பல’ அன்று, ‘பல்’. பல் மருத்துவர் வந்தனர் என்றே எழுதியுள்ளேன்” என்று கூறி, அம்பைச் சற்றே விலக்கினான். லகரத்தின் மேல் புள்ளி தெளிவாக நின்றது! அம்பைச் சூழ்ந்திருந்த கரிய சதுரம் ஒன்று கீழ்வரியின் தலைப்பகுதியை மூடி, அப்புள்ளியை மறைத்திருந்தது. பிழையற்ற சொல்லைப் பிழையென்று கூறிவிட்டேனே என்று நாணினேன்.

ஒரு புள்ளி மறைந்தால் என்ன கேடு என்று எவரும் எண்ணவேண்டா. பண்டை ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆகவே, அச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர், ஓர் எழுத்து மெய்யோ உயிர்மெய்யோ என்பதை இடமும் பொருளும் நோக்கித் துணியவேண்டியிருந்தது. அச்சு வந்து அக்குறை நீங்கிற்று. நீங்கிய குறை கணினித் திரையில் மீண்டும் புகலாமோ? இக்கரிய சதுரம் எங்கிருந்து வந்தது என்று மாணவனை வினவினேன். அவன் கூறியவற்றையும், பின்னர் யான் படித்தறிந்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைப்பேன்.

கணினிக்குக் கட்டளையிட உதவும் ‘மவுஸ்’ என்னும் சுட்டியைக் கருதியவர் அமெரிக்க நாட்டு அறிஞர் டக்ளஸ் எங்கெல்பார்ட். அவர் கருத்தின்படி, பில் இங்கிலீஷ் என்பார் 1964ஆம் ஆண்டில் மரத்தால் ஒரு சுட்டியைச் செய்தார். 1968ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதனைப் பலர் காண இயக்கிக் காட்டினார். மேசைமேல் கை சுட்டியை நகர்த்த, திரையில் ஒரு குறி உடன் நகரும். அக்குறியே இன்று நாம் காணும் அம்பு.

கணினித் திரை எண்ணற்ற நுண்கட்டங்களால் ஆயது. இவற்றைப் ‘பிக்சல்’ என்பர். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உள்ளன. ஒவ்வோர் ஒளியின் அளவையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் குறிக்கும். மூன்றும் 0 ஆயின் அக்கட்டம் கருமை. மூன்றும் 255 ஆயின் வெண்மை.

நம் கண்ணுக்கு அம்பு அம்பாகவே தோன்றும். ஆனால், கணினியோ அதனை ஒரு சதுரப் படமாகவே வைத்துள்ளது. நெடுக்கில் 32, குறுக்கில் 32 கட்டங்கள் எனக் கொண்டால், அச்சதுரத்தில் 1,024 கட்டங்கள் இருக்கும். அவற்றுள் சிலவே அம்பின் உடல், எஞ்சியவை வெற்றிடம். வெற்றிடத்தின் வழியே கீழுள்ள எழுத்துத் தெரியவேண்டும். எது உடல், எது வெற்றிடம் என்பதைக் கணினிக்கு எங்ஙனம் உணர்த்துவது? இதுவே நம் வினா.

முற்காலத்தில் ஒவ்வொரு கட்டத்திற்கும் இரண்டு குறிகளை வைத்தனர். அவ்விரண்டின் சேர்க்கையால் நான்கு நிலைகள் பிறந்தன: கட்டம் கருமையாகலாம், வெண்மையாகலாம், கீழுள்ளதை உள்ளவாறே காட்டலாம், அன்றிக் கீழுள்ள நிறத்தை அதன் எதிர்நிறமாக மாற்றலாம். இம்முறை எளிது, எனினும் குறையுடையது. இதில் முழுதும் மறைத்தலும் முழுதும் காட்டலும் உண்டேயன்றி, இடைப்பட்ட நிலை இல்லை. ஆதலின் அம்பின் விளிம்பு அரிவாள்மணைப் பல்போல் முறிந்து தோன்றும். எதிர்நிற முறையோ நடுச்சாம்பல் நிறத்தின்மேல் தோற்றுவிடும். 128இன் எதிர்நிறம் 127 ஆதலால், அம்பு இருக்குமிடமே தெரியாது.

இக்குறையை நீக்கியது நான்காவது எண். அமெரிக்காவில் நியூயார்க் தொழில்நுட்பப் பயிலகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் என்னும் இருவர், 1970களின் இறுதிப் பகுதியில் மூன்று நிற எண்களோடு மற்றுமோர் எண்ணைச் சேர்த்தனர். அதற்கு ‘ஆல்பா’ என்று பெயரிட்டனர். அது 0 ஆயின் கட்டம் முழுதும் ஒளிபுகுவது. 255 ஆயின் ஒளிபுகாதது. இடைப்பட்டதாயின் சல்லாத் துணிபோல் பாதி காட்டிப் பாதி மறைப்பது. ஒரு படத்தின்மேல் மற்றொரு படத்தைப் பொருத்தும் கணக்குகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டப் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் முறைப்படுத்தி வெளியிட்டனர்.

கணக்கு மிக எளியது. மேலுள்ள நிறத்தில் அதன் பங்கையும், கீழுள்ள நிறத்தில் எஞ்சிய பங்கையும் எடுத்துக் கூட்டவேண்டும். அம்பின் நிழல் கால்பங்கு கருமை என்க. வெள்ளைத் தாளின்மேல் அது விழுமாயின், கருமையின் கால்பங்கு 0. வெண்மையின் முக்கால்பங்கு ஏறத்தாழ 191. இரண்டும் கூடிய 191 என்னும் மெல்லிய சாம்பல் நிறமே நிழலாய்த் தோன்றும். அதன் கீழுள்ள எழுத்தும் மறையாது.

இனி, மாணவனின் கணினிக்கு வருவோம். அவன் ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை இயக்கிக்கொண்டிருந்தான். இரும்பாலும் கம்பியாலும் ஆகாது, மென்பொருளாலேயே அமைந்து, மெய்யான கணினிபோல் நடக்கும் இதனை மெய்நிகர்க் கணினி என்பர். ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய அமைப்பை வெளியிட்டது. இன்று மடிக்கணினியிலும் இது இயல்கின்றது. வெளியிலுள்ள மெய்க்கணினியை விருந்தோம்புவோன் என்றும், உள்ளிருக்கும் மெய்நிகர்க் கணினியை விருந்தினன் என்றும் அத்துறையினர் உருவகமாக வழங்குவர். அழகிய வழக்கு அன்றோ!

விருந்தினனாகிய கணினி தன் அம்பைத் தானே வரையலாம். ஆனால், கை அசைந்த செய்தி உள்ளே சென்று, அங்கே படம் வரையப்பட்டு, அப்படம் வெளியே வந்து சேர்தற்குள் சிறிது நேரம் கழியும். அம்பு கைக்குப் பின்தங்கி இழுபடும். ஆகவே, விருந்தினன் அம்பின் உருவத்தை மட்டும் எழுதி அனுப்பிவிட, விருந்தோம்புவோன் அதனைத் தன் திரையில் தானே வரைகின்றது. கையும் அம்பும் உடன் செல்கின்றன. தீங்கு நேர்வது இந்தக் கைமாற்றத்தில்தான்.

முதற்பிழை, நான்காவது எண்ணைப் புறக்கணித்தல். வெற்றிடக் கட்டங்களின் நிற எண்கள் பெரும்பாலும் 0, 0, 0 என இருக்கும். ‘இக்கட்டம் ஒளிபுகுவது’ என்னும் நான்காம் எண்ணைப் பெறுவோன் படியாது விட்டால், அவையெல்லாம் கருமையாகவே வரையப்படும். மாணவனின் திரையில் தோன்றிய கரிய சதுரம் இதுவே.

இரண்டாம் பிழை, பங்கிடுதலை இருமுறை செய்தல். நிறத்தை அதன் பங்கால் முன்னரே பெருக்கி அனுப்புவது ஒரு மரபு. பெருக்காது அனுப்புவது மற்றொரு மரபு. இரண்டும் நல்லனவே. ஆயினும், அனுப்புவோன் ஒரு மரபையும் பெறுவோன் வேறொரு மரபையும் கொண்டால் கேடு விளையும். அடுக்களையில் உப்பிட்டதை அறியாது, பரிமாறுவோரும் உப்பிட்டால் குழம்பு என்னாகும்? அம்பின் வெண்ணிற விளிம்பு அரைப்பங்கு உடையதெனின், வெள்ளைத் தாளின்மேல் 128உம் 127உம் கூடி 255 ஆகவேண்டும். மீண்டும் பெருக்கினால் 128 என்பது 64 ஆகிவிடும். கூட்டுத்தொகை 191 ஆகும். வெண்மைமேல் வெண்மையாய் மறைய வேண்டிய விளிம்பில் அழுக்குக் கோடு ஒன்று தோன்றும்.

மூன்றாம் பிழை இதற்கு மறுதலையானது. பழைய முறையில் அமைந்த சில அம்புகளில் நான்காம் எண் எல்லாக் கட்டங்களிலும் 0 ஆகவே இருக்கும். உருவத்தைப் பழைய குறிகளே தாங்கியிருக்கும். அந்த 0ஐ அப்படியே நம்பினால், அம்பு முழுதும் ஒளிபுகுவதாகிக் கண்ணுக்கே தோன்றாது. எனவே, எல்லாம் 0 ஆயின் பழைய குறிகளை நோக்குக என்னும் விதி வேண்டும்.

இவற்றைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருளாயின், ஆக்கியோருக்கே உண்டு. கட்டற்ற மென்பொருளாயின், கற்றார் எவருக்கும் உண்டு. பிரெஞ்சு நாட்டவராகிய பாப்ரிஸ் பெல்லார்ட் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கியூஎமு’ என்னும் மெய்நிகர்க் கணினி மென்பொருள் அத்தகையது. நம் நாட்டிலும் இந்நெறி வேரூன்றியுள்ளது. சேலையூருக்கு அணித்தான குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமும், 2005ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில் இணைந்து பணியாற்றின. சி-டாக் ஆக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் இயங்கவல்லது.

மாணவன் கையாண்டதும் ஒரு கட்டற்ற மென்பொருளே. அவன் சில நாள் முயன்று, நான்காம் எண் விடுபடும் இடத்தைக் கண்டான். தன் படியில் அதனைத் திருத்தினான். பின்னர் வெள்ளை, கருமை, நடுச்சாம்பல், நெருங்கிய எழுத்து ஆகிய நான்கின்மேலும் அம்பை நிறுத்திச் சோதித்தான். ஒரு வெள்ளைத் தாளின்மேல் மட்டும் நோக்கி ‘நன்று’ என்று அமையாமை பாராட்டத்தக்கது. ஒரு பின்புலத்தில் ஒளிந்திருக்கும் பிழை மற்றொன்றில் வெளிப்படும் அல்லவா? அதன்பின் அத்திருத்தத்தை, அம்மென்பொருளைப் பேணுவோர்க்கு எழுதி அனுப்பினான்.

மறுமுறை அவன் கட்டுரையோடு வந்தபோது, அம்பு மெல்லிய நிழலோடு எழுத்துகளின்மேல் நகர்ந்தது. நிழலின் அடியிலும் புள்ளிகள் ஒவ்வொன்றும் விளங்கின. அதனை நோக்கியிருந்த எனக்கு, நாற்பது ஆண்டுக் காலம் வகுப்பறையில் யான் செய்த தொழில் நினைவிற்கு வந்தது. நூலுக்கு உரை கூறும் ஆசிரியனும் ஒரு சுட்டுக்குறியே. அவன் நூலைச் சுட்டவேண்டும். தன் புலமையாகிய சதுரத்தால் நூலை மூடிவிடலாகாது. ‘பல்’ என்னும் சொல்லைக் காணாது மாணவனைக் கடிந்த அந்நாளில், அவன் அம்பு மட்டுமோ மறைத்தது? என் விரைவும் உடன் மறைத்தது.

மாணவர்களே! நீவிர் வளர்ந்து கருவி செய்வோராகலாம், கற்பிப்போராகலாம். எத்தொழில் செய்யினும் இதனை மறவாதீர்: சுட்டுவது, தான் சுட்டும் பொருளை மறைத்தல் ஆகாது.