மழை தவறுதலும் கடல் கடந்த குடிபெயர்வும்

மழை பொய்த்தால் ஜனங்கள் ஊரைவிட்டுப் போவார்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், யார் முதலில் போகிறார்கள், எவ்வாறு போகிறார்கள், போனவர்கள் ஏன் திரும்புவதில்லை என்பவற்றை ஆராய்வோர் சிலரே. இவற்றை அறிந்தால், குடிகளை ஊரில் நிலைநிறுத்தும் வழியும் புலப்படும். நமது நாட்டில் நிகழ்ந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை விளக்குவோம்.

1876-ஆம் வருஷத்துப் பஞ்சம்

1876-இல் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் இரு பருவமழைகளும் தவறின. பசிபிக் சமுத்திரத்தின் மேல்நீர் வழக்கத்திற்கு மேல் வெப்பமுறுவதாகிய எல் நினோ என்னும் மாறுதல் 1877-இல் மிகக் கடுமையாயிருந்தது; அவ்வருஷத்துத் தென்மேற்குப் பருவமழையும் கைகொடுக்கவில்லை. சேலம், கோயமுத்தூர், பல்லாரி முதலிய ஜில்லாக்களின் புஞ்சைப் பயிர்கள் கருகின. கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் வாய்க்கால் பாசனமுள்ள நிலங்களோ அத்துணைத் துன்புறவில்லை. வானத்தையே நம்பிய நிலமே முதலில் வீழ்ந்தது.

யார் போனார்கள்

பயிர் இல்லையேல் களையெடுப்பும் இல்லை, அறுவடையும் இல்லை. கூலி நின்ற அதே காலத்தில் தானிய விலை ஏறியது. நிலமுடையவனுக்குக் குதிரில் சிறிது தானியமும், விற்பதற்கு மாடும், கடன் தருவோரும் இருந்தனர். கூலியாளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகையால் அவனே முதலில் புறப்பட்டான்.

ஆனால் கையில் காசில்லாதவன் கடல் கடப்பது எங்ஙனம்? இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் முன்பணம் கொடுத்தனர். அப்பணத்தைக் கொண்டு தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். பலர் வழியில் நோயுற்று மாண்டனர். சேர்ந்தவர்களையோ முன்பணமே கடனாகப் பற்றிக்கொண்டது.

ஏன் திரும்பவில்லை

காப்பி பறிப்பு பருவத்து வேலை. அது முடிந்ததும் பலர் ஊருக்கு மீள்வது வழக்கமாயிருந்தது. 1869-இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது வருஷங்களில் காப்பியை அழித்தது. அவ்விடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பத்தோடு தங்கினார்கள். அவர்தம் சந்ததியாரில் மிகப் பலர் 1948-ஆம் வருஷத்து இலங்கைச் சட்டத்தால் குடியுரிமையற்றவராயினர். 1964-இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. ஒரு மழைக்குறைவின் பயன் மூன்று தலைமுறைக்கு மேலும் தொடர்ந்ததைக் காண்க.

மழை ஒன்று, விளைவு வேறு

இத்தகைய மழைக்குறைவு பின்னும் வந்ததுண்டு. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. பயிர் கருகிப் பல உழவர் பெருநஷ்டமடைந்தனர். ஆயினும் 1876-இன் பஞ்சம் போன்றதொன்று நேரவில்லை. நியாயவிலைக் கடைகளில் அரிசி கிடைத்தது; ஊரக வேலை உறுதித் திட்டத்தால் கூலியும் கிடைத்தது. ஆகவே மழைக்குறைவு மாத்திரம் மனிதரை ஊரைவிட்டுத் துரத்துவதில்லை. அதனால் வேலையும் உணவும் ஒருங்கே அறும்போதே குடி பெயர்கிறது.

செய்ய வேண்டுவன

1. ஏரி, கண்மாய்களின் வரத்துக்கால்களையும் மதகுகளையும் கோடையிலேயே செப்பனிடுக. மழை வந்தபின் செய்வது பயன்படாது.

2. முதல் விதைப்பு வீணானால் மறுபடி விதைப்பதற்குக் குறுகிய வயதுடைய சாமை, கேழ்வரகு விதைகளைத் தனியே சேமித்து வைக்க.

3. நிலமுடையோர் கிணறு ஆழப்படுத்துதல், வரப்பிடுதல் முதலிய வேலைகளை வறட்சிக் காலத்திற்கென ஒதுக்கி வைப்பாராயின், கூலியாட்களும் ஊரில் தங்குவர். அடுத்த பருவத்திற்கு ஆள் தேடி அலையவும் வேண்டா.

4. கிராம அதிகாரிகள் மழையளவையும் விதைப்புப் பரப்பையும் உடனுக்குடன் மேலிடத்திற்குத் தெரிவிக்க. வீடுகள் பூட்டப்பட்ட பின் அனுப்பும் அறிக்கையால் அவ்வீட்டார்க்குப் பயனில்லை.