படம் இருக்கிறது, ப்ராம்ப்ட் எங்கே?

ஆறு மாதத்துக்கு முன் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ படக் கருவியில் செய்த அட்டைப்படம் நன்றாக அமைந்துவிட்டது. இப்போது அதே சாயலில் இன்னொன்று வேண்டும். என்ன ப்ராம்ப்ட் கொடுத்தோம், எந்த மாடல், எந்த சீட் எண் என்று எதுவும் நினைவில் இல்லை. அட்டை வடிவமைப்பாளர்கள் பலருக்கும் வரும் சிக்கல் இது. கவலைப்பட வேண்டாம், பெரும்பாலும் விடை அந்தப் படக் கோப்புக்குள்ளேயே கிடக்கும். ஆனால் கையில் இருப்பது மென்பொருள் சேமித்த அசல் கோப்பாக இருக்க வேண்டும்.

1996-இல் வந்த பிஎன்ஜி வடிவம், படத்தோடு எழுத்துக் குறிப்புகளையும் தனித் துண்டுகளாகச் சேர்த்துவைக்க இடம் தருகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் ஆட்டோமேட்டிக்1111 என்ற இடைமுகம் ‘பாராமீட்டர்ஸ்’ என்ற தலைப்பில் அங்கே எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது. ஜேபெக்காகச் சேமித்தால் அதே குறிப்பு, கோப்பின் எக்சிஃப் என்ற தகவல் பகுதிக்குள் போய்விடும்.

முதல் வேலை, கோப்பை நகலெடுத்து நகலில் மட்டும் கை வைப்பது. ஃபோட்டோஷாப்பிலோ ஃபோனின் எடிட்டரிலோ திறந்து மறுபடி சேமித்தால் குறிப்பு காணாமல் போகலாம். பிறகு, ஆட்டோமேட்டிக்1111-இல் ‘பிஎன்ஜி இன்ஃபோ’ பக்கத்தைத் திறந்து படத்தை இழுத்துப் போடுங்கள். முதலில் நீங்கள் கொடுத்த ப்ராம்ப்ட் வரும். அடுத்து, வேண்டாம் என்று ஒதுக்கிய நெகட்டிவ் ப்ராம்ப்ட். கடைசி வரியில் ஸ்டெப்ஸ் 20, சாம்ப்ளர், சிஎஃப்ஜி 7, சீட், அளவு 512x768, மாடல் கோப்பின் அடையாளக் குறியான ஹாஷ் என்று காற்புள்ளியிட்டு வரிசையாக நிற்கும்.

அந்தக் கடைசி வரியை முழுதாகப் பயன்படுத்துங்கள். சீட் மட்டும் ஒன்றாக இருந்து அளவு மாறினால் வேறு படம்தான் வரும். மாடலைப் பெயரை வைத்துத் தேடாமல் ஹாஷை வைத்துத் தேடுங்கள்; ஒரே பெயரில் வெவ்வேறு கோப்புகள் உலவுகின்றன. எல்லாம் பொருந்தினாலும் கிராஃபிக்ஸ் கார்டு மாறியிருந்தால் சிறு வித்தியாசங்கள் வரலாம்.

கம்ஃபியூஐ என்ற இன்னொரு இடைமுகத்தில் செய்த படமென்றால் வேலை இன்னும் சுலபம். அது முழு ஒர்க்ஃப்ளோவையே கோப்புக்குள் வைத்துவிடுகிறது. படத்தை அதன் திரையில் இழுத்துப் போட்டால், கணுக்களும் இணைப்புகளும் அன்று இருந்தபடியே விரியும். சிவப்பாகத் தெரியும் கணு, இப்போது உங்களிடம் நிறுவப்படாத துணைநிரலுக்கு உரியது.

எந்த மென்பொருளில் செய்தது என்றே தெரியவில்லையா? ஃபில் ஹார்வி எழுதிய இலவசக் கருவியான எக்சிஃப்டூலிடம் கோப்பைக் கொடுங்கள். பிஎன்ஜி, ஜேபெக், வெப்பி எதுவானாலும் உள்ளே உள்ள குறிப்புகளைப் பட்டியலிட்டுவிடும். அதுவும் கைவசம் இல்லையென்றால் பிஎன்ஜி கோப்பின் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறியீடுகளுக்கு நடுவே, தொடக்கத்திலேயே உங்கள் ப்ராம்ப்ட் கண்ணில் படக்கூடும்.

நாவல்ஏஐ போன்ற சேவைகள் இன்னொரு வழியும் வைத்திருக்கின்றன. ஒளி ஊடுருவும் அளவைக் குறிக்கும் ஆல்ஃபா மதிப்பில், 255-ஐ 254 ஆக்குவது போன்ற கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களால் தகவலைப் பதிக்கின்றன. எழுத்துக் குறிப்பை நீக்கினாலும் இது தங்கும். ‘ஸ்டெல்த் பிஎன்ஜி இன்ஃபோ’ எனப்படும் இந்தப் பதிவை வாசிக்கும் கருவிகள் அதை எடுத்துத் தரும். ஆனால் ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. மாற்றிய கணமே அது அழிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்திலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் இந்தக் குறிப்புகளைத் தேடிப் பயனில்லை. அனுப்பியவரிடம் அசலை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து ப்ராம்ப்ட் சொல்லும் கருவிகள் தருவது ஊகம்தான். நீங்கள் எழுதியது திரும்பி வராது. அதைவிட, பழைய அவுட்புட்ஸ் ஃபோல்டரைத் துழாவுங்கள். ஆட்டோமேட்டிக்1111 வழக்கமாகக் கோப்பின் பெயரிலேயே சீட் எண்ணைச் சேர்த்துவிடும்.

அடுத்தவர் அனுப்பிய படம் ஏஐ செய்ததா என்று பார்க்கவும் இதே வழிகள் உதவும். ஓப்பன்ஏஐ 2024 முதல் தன் படங்களில், படம் எப்படி உருவானது என்பதைச் சொல்லும் சி2பிஏ சான்றைச் சேர்த்துவருகிறது. அதில் உருவாக்கிய கருவி தெரியும், ப்ராம்ப்டை எதிர்பார்க்காதீர்கள். இங்கே தீர்ப்பில் நிதானம் வேண்டும். சாதாரண எழுத்துக் குறிப்பை யாரும் திருத்தலாம், நீக்கலாம். குறிப்பு இல்லை என்பதற்காக அது கேமராவில் எடுத்த படம் என்று ஆகிவிடாது. இதை மட்டும் வைத்து ஒருவர்மீது பழி சுமத்துவது அநியாயம்.

நீங்கள் வெளியே அனுப்பும் படத்திலும் இதே குறிப்புகள் போகின்றன என்பதை மறக்காதீர்கள். ப்ராம்ப்டில் எழுதிய வாடிக்கையாளர் பெயரும், வெளிவராத புத்தகத்தின் தலைப்பும் அதில் இருக்கலாம். அனுப்பும் நகலில் எக்சிஃப்டூலால் துடைத்துவிடுங்கள். ஆல்ஃபாவில் பதிந்த தகவல் இருக்கக்கூடும் என்றால் ஜேபெக்காக மாற்றியே அனுப்புங்கள். அசலைத் தனி ஃபோல்டரில், தேதியிட்டு, கை வைக்காமல் வையுங்கள். அசல் போய்விட்டால் எந்தக் கருவியாலும் அந்த ப்ராம்ப்டை உறுதியாக மீட்டுத் தர முடியாது.