பேண்டு மெட்டில் ஒரு முருகன் பாட்டு: குழந்தைகளுக்கு தீட்சிதர் தந்த பரிசு

ஓம் சரவணபவ!



போன கிருத்திகை அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு சின்ன சம்பவம். யூகேஜி படிக்கிற அக்கா பொண்ணு, பாட்டு கிளாஸ்ல கத்துக்கிட்ட 'வர சிவ பாலம்' பாடினா. கேட்ட பெரியப்பா, "என்னம்மா இது, பேண்டு வாத்தியம் மாதிரி இருக்கு? முருகனுக்கு வேற பாட்டே இல்லையா?"ன்னு கேட்டுட்டார். குழந்தை முகம் வாடிப்போச்சு. அப்புறம் வாயே திறக்கல.

பெரியப்பா காது தப்பு சொல்லல. அது நிஜமாவே மேல்நாட்டு மெட்டுதான்! ஆனா அதுக்கு சாகித்யம் போட்டவர் யார் தெரியுமா? சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர்.

*முருகன் பேர் வெச்ச பிள்ளை*

தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால், அங்கே குடியிருக்கும் முத்துக்குமாரசுவாமியின் பெயரையே வைத்தார்கள். பின்னாளில் திருத்தணியில் ஒரு முதியவர் அவர் வாயில் கற்கண்டு போட்டார் என்றும், வந்தது முருகனே என்றும் சொல்வார்கள். அங்கே பிறந்ததுதான் முதல் கீர்த்தனை. அவருடைய முத்திரையும் 'குருகுஹ' என்ற முருகன் நாமம்தான்.

*கோட்டையில் கேட்ட இசை*

இளமையில் அவர் குடும்பம் சென்னை பக்கத்தில் மணலியில் இருந்தது. அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டு, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். அண்ணனோ அந்த மெட்டுகளில் நம்ம தெய்வங்களின் நாமத்தை சமஸ்கிருதத்தில் வைத்துப் பாடினார். இப்படி சுமார் 40 பாடல்கள். இவற்றுக்கு 'நோட்டுஸ்வர சாகித்யம்' என்று பெயர். 'சியாமளே மீனாட்சி' கேட்டுப் பாருங்க. நர்சரி பிள்ளைங்க பாடுற 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு அப்படியே இருக்கும்!

*குழந்தைக்கு ஏன் சுலபம்?*

எல்லாமே சங்கராபரண ஸ்வரங்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நுணுக்கம், கிடையாது. வரிகள் சின்னது, நடை சீரா இருக்கும். அஞ்சு வயசுக் குரலுக்கு அப்படியே பிடிபடும். அதனாலதான் இன்னிக்கும் நிறைய ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே இதைச் சொல்லித் தர்றாங்க.

*வீட்டில் சொல்லித் தரும்போது*

• முதல்ல அர்த்தம் சொல்லுங்க. 'வர சிவ பாலம்' என்றால் சிவபெருமானின் சிறந்த பிள்ளை. யாரைப் பாடுறோம்னு தெரிஞ்சா குழந்தை ஆசையா பாடும்.
• ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கைதட்டித் தாளம் போட்டுப் பாடுங்க.
• உச்சரிப்பு தப்பினா, எல்லார் முன்னாடியும் திருத்தாதீங்க. நீங்க சரியா திரும்பப் பாடுங்க, அது தானா பிடிச்சுக்கும்.

நவாவரண கிருதிகள் போன்ற பெரும் படைப்புகளைத் தந்த மகான், யாரோ வாசித்த எளிய மெட்டைத் தள்ளி வைக்கல. அதில் முருகன் பேரை வைத்தார். அப்படியிருக்க, நம்ம வீட்டுக் குழந்தை பாடுறதை 'இது என்ன பாட்டு'ன்னு நாம தள்ளலாமா?

இதையெல்லாம் பெரியப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் குழந்தையைக் கூப்பிட்டு, "தாத்தாவுக்கும் சொல்லிக் கொடு கண்ணு"ன்னார். இப்போ ரெண்டு பேரும் சாயங்காலம் விளக்கேத்தினதும் சேர்ந்து பாடுறாங்க. தாளம் தப்புறது தாத்தாதான்!

வேலும் மயிலும் துணை.